பத்து தெர்மோஸ்டாட், மூன்று பம்ப், ஒரு ஹீட் பம்ப்: மண்டலங்களாகப் பிரித்த தரையடி வெப்பமூட்டலில் ஒரு நிகழ்வு ஆய்வு

மத்திய இங்கிலாந்தில், 170 சதுர மீட்டர் பரப்புடைய இரண்டு தளத் தனிவீடு ஒன்றில், பழைய எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும், 8 கிலோவாட் திறனுள்ள காற்றுமூல ஹீட் பம்ப் பொருத்தப்பட்டிருந்தது. தரையடிக் குழாய்களும் அவற்றுக்கு நீரைப் பிரித்தளிக்கும் மேனிஃபோல்டுகளும் பாய்லர் காலத்தவை. அவை அப்படியே விடப்பட்டன. முதல் குளிர்காலத்திலேயே வீட்டார் மூன்று குறைகளைச் சொன்னார்கள். மின்கட்டணம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தது. மிதமான குளிருள்ள நாட்களில் வெளியே நிற்கும் பொறி சில நிமிடங்கள் ஓடி நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தது. கீழ்த்தளம் மட்டும் இயங்கும் வேளைகளில் அங்கே தரை சூடேற வெகுநேரம் பிடித்தது. பொறியில் குறையில்லை என்று அதைப் பொருத்தியவர்கள் சொன்னார்கள், அது உண்மையும்கூட. நீரைச் சுழற்றும் பம்புகள் எதன் கட்டளைக்கு ஓடின என்பதில்தான் குறை இருந்தது.

பொறியிலிருந்து தரைக்குப் போகும் நீரைச் செல்நீர் என்றும், தரையைச் சுற்றிவிட்டுத் திரும்பும் நீரைத் திரும்புநீர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வீட்டின் அமைப்பு

வெளியே மைனஸ் 3 டிகிரியும் உள்ளே 21 டிகிரியும் இருக்கும்போது இந்த வீடு இழக்கும் வெப்பம் 6.4 கிலோவாட் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 267 வாட். கீழ்த்தளத்தில் 90 சதுர மீட்டர் பரப்பில், 65 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்கிரீட் என்னும் சிமென்ட் படுகைக்குள் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் குழாய்கள் புதைக்கப்பட்டுள்ளன. மேல்தளத்தின் 80 சதுர மீட்டரில் மரச்சட்டங்களுக்கு இடையே அலுமினியத் தகடுகளின் மேல் குழாய்கள் ஓடுகின்றன. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பும் குழாய் வளையம் ஒவ்வொன்றும் ஒரு சுற்று; கீழே 9 சுற்று, மேலே 7 சுற்று. எல்லாம் சேர்ந்து சுமார் 1,000 மீட்டர் நீளம். குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்பதால் மீட்டருக்கு 0.113 லிட்டர் நீர் பிடிக்கும். ஆக, தரைகளுக்குள் இருக்கும் மொத்த நீர் 113 லிட்டர்தான்.

ஹீட் பம்புக்குள்ளேயே ஒரு சுழற்சி பம்ப் உண்டு. அது 25 லிட்டர் கொள்ளளவுள்ள, நான்கு வாய்கள் கொண்ட, பொறிக்கும் தரைக்கும் இடையே நீரைத் தேக்கும் பஃபர் தொட்டி வரை நீரைச் சுழற்றியது. தொட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு பொதுக் குழாய் கிளம்பி இரண்டாகப் பிரிந்து, கீழ்த்தள மேனிஃபோல்டுக்கும் மேல்தள மேனிஃபோல்டுக்கும் போனது. ஒவ்வொரு மேனிஃபோல்டின் முகப்பிலும், சூடான நீரோடு திரும்புநீரைக் கலந்து அதன் சூட்டைக் குறைக்கும் ஒரு கலப்பு வால்வும் அதனோடு இணைந்த ஒரு சுழற்சி பம்பும் இருந்தன. இந்த இரண்டு பம்புகளும் வேகத்தைக் கையால் தெரிவுசெய்யும் பழைய வகை. இரண்டுமே மூன்றாம் வேகத்தில், தலா 65 வாட் இழுத்துக்கொண்டிருந்தன. சுழற்சி பம்புகளின் மின்திறனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்புகள் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2015 ஆகஸ்டில் மேலும் இறுகின. அதன்பின் சந்தைக்கு வந்த பம்புகள் இதே வேலையைப் பெரும்பாலும் 10 முதல் 25 வாட்டுக்குள் முடித்துவிடும்.

கட்டளை போன பாதை இதுதான்: பத்து அறைகளில் பத்து தெர்மோஸ்டாட்டுகள், ஏதேனும் ஓர் அறையில் வெப்பநிலை குறைந்தால் அந்தத் தளத்தின் இணைப்புப் பெட்டிக்குச் செய்தி போகும், பெட்டி அந்த அறையின் சுற்றுக்குரிய வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டருக்கு மின்சாரம் கொடுக்கும், அதே கணத்தில் அந்தத் தளத்தின் பம்பை ஓட்டும், அதே கணத்தில் ஹீட் பம்பின் வெளிக்கட்டளை முனையையும் மூடி, பொறியின் இதயமான கம்ப்ரஸரை இயங்கச் சொல்லும். கடைசி அறையும் போதும் என்று சொன்னதும் எல்லாம் நிற்கும். பாய்லருக்கு இது பழுதற்ற ஏற்பாடு. வேண்டும்போது 60 டிகிரிக்கு மேல் நீரைக் கொடுத்துவிட்டு அணைந்துவிடுவது பாய்லருக்கு இயல்பு. ஹீட் பம்புக்கு அது இயல்பே அல்ல.

திரும்புநீர் சொன்ன கணக்கு

பொறியின் திரையில் செல்நீர் 45 டிகிரி, திரும்புநீர் 40 டிகிரியை ஒட்டி எனக் காட்டியது. பொறியைப் பொறுத்தவரை 5 டிகிரி வேறுபாடு. இலக்கண சுத்தமான இயக்கம். ஆனால் கீழ்த்தள மேனிஃபோல்டின் திரும்புப் பட்டையில் வெப்பமானியைக் கட்டிப் பார்த்தபோது அங்கே 31 டிகிரி இருந்தது. தரையிலிருந்து 31 டிகிரியில் திரும்பும் நீர், பொறிக்குள் நுழையும்போது 40 டிகிரியாகிவிடுவது எப்படி?

விடை கலப்பு வால்வில் தொடங்குகிறது. வால்வு 36 டிகிரிக்கு வைக்கப்பட்டிருந்தது. 45 டிகிரி நீரோடு 31 டிகிரித் திரும்புநீரைக் கலந்து 36 டிகிரி ஆக்க வேண்டுமானால், சூடான நீரின் பங்கு பதினான்கில் ஐந்து, அதாவது 36 சதவீதம் இருந்தால் போதும். இரண்டு மேனிஃபோல்டுகளின் சுற்றுகளிலும் சேர்த்து நிமிடத்துக்கு 18 லிட்டர் ஓடியது. எனவே தொட்டியிலிருந்து அவை எடுத்தது 6.5 லிட்டர் மட்டுமே. மறுபக்கத்தில் ஹீட் பம்பின் உள் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டரைத் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மீதி 13.5 லிட்டர், 45 டிகிரியிலேயே தொட்டியின் அடி வாய் வழியே பொறிக்குத் திரும்பியது. 6.5 லிட்டர் 31 டிகிரியிலும் 13.5 லிட்டர் 45 டிகிரியிலும் கலந்தால் 40.5 டிகிரி. பொறி கண்ட திரும்புநீர் அதுதான்.

இதன் விலை சிறியதல்ல. ஹீட் பம்ப், நீருக்கு வெப்பத்தைக் கொடுக்கும் பகுதியான தன் கண்டென்சரை எவ்வளவு சூட்டில் நடத்துகிறதோ அதற்கேற்பத்தான் மின்சாரத்தைத் தின்னும். செல்நீரின் வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் செயல்திறன் 2 முதல் 3 சதவீதம் வரை குறையும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. தரைக்குப் போய்ச் சேர்ந்தது 36 டிகிரி நீர். பொறி தயாரித்தது 45 டிகிரி நீர். 9 டிகிரி வேறுபாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வீணானது என்று வைத்துக்கொள்ளலாம். அறைகள் அதற்குக் கைம்மாறாக எதையும் பெறவில்லை.

அப்படியானால் பொறியை ஏன் 36 டிகிரிக்குக் குறைத்து வைக்கவில்லை என்று கேட்கலாம். நிறுவியவர் குறைத்துத்தான் பார்த்திருக்கிறார். கலப்பு வால்வு தன் இயல்பிலேயே கொஞ்சமேனும் திரும்புநீரைக் கலந்துகொண்டிருக்கும். முழுவதும் திறந்தாலும் உள்ளே குறுகலான வழி ஓட்டத்தைத் தடுக்கும். அதனால் 36 டிகிரியில் நீர் கொடுத்தபோது மேனிஃபோல்டுக்கு 32, 33 என்றுதான் வந்து சேர்ந்தது; வீடு குளிர்ந்தது; குறை வந்தது; எண்ணை உயர்த்தினார்கள். நான் பார்த்தவரை, பாய்லரிலிருந்து ஹீட் பம்புக்கு மாறிய தரையடி அமைப்புகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே.

நான்கு தொடக்கங்கள் ஒரு மணிக்கு

இனி கம்ப்ரஸரின் ஓட்டத்துக்கு வருவோம். வெளியே 8 டிகிரி இருக்கும் ஒரு சாதாரண ஆங்கிலக் குளிர்கால நாளில் வீட்டுக்குள் ஆட்களும் சாதனங்களும் தரும் வெப்பம் போக, முழு வீட்டுக்கும் வேண்டியது சுமார் 3 கிலோவாட். இந்தப் பொறி எவ்வளவு தணித்து ஓடினாலும் அந்த வெப்பநிலையில் 3 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. எல்லா அறைகளும் திறந்திருந்தால் பொறி நிற்காமல் ஓடலாம். ஆனால் பத்து தெர்மோஸ்டாட்டுகளும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. மூன்று அறைகள் கேட்கும். ஏழு அறைகள் போதும் என்று மூடிக்கொள்ளும். தேவை 1 கிலோவாட்டாகச் சுருங்கும். பொறி 3 கிலோவாட் கொடுக்கும். மீதி 2 கிலோவாட் எங்கே போவது?

தரைக்குப் போக முடியாது. கலப்பு வால்வு 36 டிகிரிக்கு மேல் விடாது. எனவே அது 25 லிட்டர் தொட்டியிலும், பொறிக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள குழாய்களின் 5 லிட்டரிலும் தங்க வேண்டும். 30 லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்க 126 கிலோஜூல் போதும். 2 கிலோவாட் உபரி அதை 63 நொடியில் செய்துவிடும். 5 டிகிரி ஏற ஐந்தேகால் நிமிடம். பொறி நிற்கும். பின் 1 கிலோவாட் வீதம் தொட்டி வடிய பத்தரை நிமிடம். மறுபடி தொடங்கும். ஆக, 16 நிமிடத்துக்கு ஒரு சுழல். மணிக்கு ஏறத்தாழ நான்கு தொடக்கங்கள். வீட்டார் காதால் கேட்டதும் பொறியின் பதிவேட்டில் இருந்ததும் இதோடு ஒத்துப்போயின.

இதில் இன்னொரு சிறு கோளாறும் சேர்ந்துகொண்டது. மேனிஃபோல்டில் இருக்கும் ஆக்சுவேட்டர் மெழுகால் இயங்குவது. மின்சாரம் கொடுத்ததும் மெழுகு சூடாகி விரிந்து வால்வைத் திறக்க மூன்று, நான்கு நிமிடங்கள் ஆகும். இணைப்புப் பெட்டியிலோ பம்புக்கு வைக்க வேண்டிய தாமதம் பூஜ்யத்தில் இருந்தது. தளத்தில் முதல் அறை கேட்ட கணத்திலேயே பம்ப், மூடிய வால்வுகளை எதிர்த்துச் சுழன்றது. கம்ப்ரஸரும் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடமே நீடிக்கும் ஓட்டத்தில் முதல் மூன்று நிமிடமும் தரைக்கு ஒரு துளி நீர் போகவில்லை.

எதிர்த்திசையில் ஓடிய நீர்

மூன்றாவது குறையைக் கண்டுபிடிப்பது மற்ற இரண்டையும்விடக் கடினமாக இருந்தது. கீழ்த்தளம் மட்டும் வெப்பம் கேட்கும் வேளைகளில், தொட்டியிலிருந்து 45 டிகிரியில் கிளம்பும் நீர் கீழ்த்தள மேனிஃபோல்டின் நுழைவாயிலை 41 டிகிரியில் அடைந்தது. இடையில் இருப்பது காப்புறை போட்ட சில மீட்டர் குழாய். அதில் 4 டிகிரி தொலைய வழியில்லை. மேல்தள மேனிஃபோல்டின் ஓட்ட அளவிகளில் மிதவைகள் எல்லாம் பூஜ்யத்தில் கிடந்தன. ஆக்சுவேட்டர்களும் மூடியிருந்தன. ஆயினும் மேல்தளத்துக்கு ஏறும் செல்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகவும், திரும்புநீர்க் குழாய் அதே சூட்டிலும் இருந்தது.

ஓட்ட அளவியின் மிதவை சுற்றுகளுக்குள் போகும் நீரை மட்டுமே காட்டும். இங்கே நீர் சுற்றுகளுக்குள் போகவேயில்லை. மேல்தளக் கலப்பு வால்வுக்குள் சூடான நுழைவாய்க்கும் திரும்புநீர் வாய்க்கும் இடையே ஒரு வழி உண்டு. கீழ்த்தளப் பம்ப் பொதுக் குழாயில் இழுக்கும்போது, தொட்டியிலிருந்து மட்டுமல்லாமல் இயங்காமல் கிடந்த மேல்தளத்தின் அந்த வழியாகவும் திரும்புநீரைத் தலைகீழாக இழுத்துக்கொண்டிருந்தது. நீரை ஒரே திசையில் மட்டும் விடும் தடுப்பு வால்வுகள் கிளைக்கு ஒன்றாக இரண்டு இருந்திருந்தால் இது நடந்திராது, இரண்டிலும் இல்லை. மேல்தளத் திரும்புக் குழாயின் அடைப்பு வால்வைக் கையால் மூடியதும், கீழ்த்தள நுழைவாயின் வெப்பநிலை சில நிமிடங்களில் 41-லிருந்து 44-க்கு மேல் ஏறியது. கருவி எதுவும் தேவைப்படாத சோதனை அது. பல பம்புகள் ஒரே பொதுக் குழாயிலிருந்து இழுக்கும் எந்த அமைப்பிலும் முதலில் செய்துபார்க்க வேண்டிய சோதனையும் அதுதான்.

பம்பை ஆள வேண்டியது எது

இந்த மூன்று குறைகளுக்கும் தனித்தனியாகத் தீர்வு உண்டு. பெட்டியில் தாமதம் வைக்கலாம். தடுப்பு வால்வு போடலாம். 25 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் தொட்டி வைக்கலாம். வீட்டாருக்குக் கொடுக்கப்பட்டிருந்த முந்தைய பரிந்துரையும் பெரிய தொட்டிதான். நான் அதற்கு உடன்படவில்லை. பெரிய தொட்டி கம்ப்ரஸரின் தொடக்கங்களைக் குறைக்கும். ஆனால் 45 டிகிரியைத் தயாரித்து 36 டிகிரியைப் பயன்படுத்தும் வீண்செலவு அப்படியே இருக்கும்.

அடிப்படையில் இந்த வீட்டில் மூன்று பம்புகளுக்கும் மூன்று எசமானர்கள். உள் பம்ப் 5 டிகிரி வேறுபாட்டைக் காக்க ஓடியது. தளப் பம்புகள் தத்தம் தெர்மோஸ்டாட்டுகளுக்காக ஓடின. ஒன்றின் ஓட்டம் மற்றொன்றுக்குத் தெரியாது. அறையின் தெர்மோஸ்டாட்டுக்கு நீரோட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஹீட் பம்புக்கோ நீரோட்டம்தான் உயிர்; குறைந்தபட்ச ஓட்டமும் குறைந்தபட்ச நீரளவும் இல்லாமல் அது ஒழுங்காக ஓடாது. எனவே பம்பை ஆளும் உரிமை ஹீட் பம்புக்கு உரியது. தெர்மோஸ்டாட்டின் வேலை ஒன்றே: அறை மிகையாகச் சூடானால் அந்தச் சுற்றை மூடுவது.

கனமான தரையில் தெர்மோஸ்டாட்டின் சொல்லுக்கு மதிப்பு ஏற்கெனவே குறைவு. கீழ்த்தளத்து ஸ்கிரீட்டின் கன அளவு 5.85 கனமீட்டர், கனமீட்டருக்கு சுமார் 2 மெகாஜூல் என்று கொண்டால், அதை 1 டிகிரி உயர்த்த 3.25 கிலோவாட் மணி வேண்டும். தெர்மோஸ்டாட் போதும் என்று மூடிய பிறகும் தரை மணிக்கணக்கில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வேண்டும் என்று திறந்த பிறகும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் தரை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் தன்மையும் கொண்டது. தரையின் மேற்பரப்பு 24 டிகிரி, அறை 21 டிகிரி என்றால் வேறுபாடு 3 டிகிரி. சதுர மீட்டருக்கு 30 வாட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வெப்பம் வெளிப்படும். வெயில் விழுந்து அறை 22 டிகிரி ஆனால் வேறுபாடு 2 டிகிரியாகக் குறையும்; வெப்பமும் மூன்றில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும். எந்த வால்வும் மூட வேண்டியதில்லை. செல்நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ இந்தத் தன்மை அவ்வளவு வலுவாக இருக்கும். 45 டிகிரியில் நடத்தும் வீட்டில் அது எடுபடாது.

செய்த மாற்றங்கள்

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது, ஹீட் பம்பின் உள் பம்ப் ஒன்றே முழு வீட்டுக்கும் போதுமா என்பதை. மைனஸ் 3 டிகிரியில் 6.4 கிலோவாட்டை 5 டிகிரி வேறுபாட்டில் கடத்த நிமிடத்துக்கு 18.3 லிட்டர் ஓட வேண்டும். 16 சுற்றுகளுக்குப் பிரித்தால் சராசரி 1.15 லிட்டர். மிக நீண்ட சுற்று 95 மீட்டர், அதில் 1.5 லிட்டர் ஓடும்போது அழுத்த இழப்பு சுமார் 8 கிலோபாஸ்கல். மேனிஃபோல்டின் வால்வுகளுக்கு 4 அல்லது 5. முப்பது மீட்டர் நீளமுள்ள 28 மில்லிமீட்டர் செம்புக் குழாய்க்கும் அதன் வளைவுகளுக்கும் 8 அல்லது 9. காந்த வடிகட்டிக்கு 4. கூட்டினால் 26 கிலோபாஸ்கலை ஒட்டி வருகிறது. பொறியின் கையேட்டு வரைபடம் 20 லிட்டர் ஓட்டத்தில் 45 கிலோபாஸ்கலுக்கு மேல் கிடைக்கும் என்றது. ஆக, தளப் பம்புகள் இரண்டுமே தேவையற்றவை. நிறுவும்போது இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் போதும். சோம்பலால் அல்ல, ‘பிரித்துவிட்டால் பாதுகாப்பு’ என்ற பழக்கத்தால்தான் இது பல இடங்களில் விடுபடுகிறது.

இரண்டு கலப்பு வால்வுகளும் இரண்டு பம்புகளும் கழற்றப்பட்டன. மேனிஃபோல்டுகள் நேரடியாக இணைக்கப்பட்டன. நான்கு வாய்த் தொட்டியின் இரண்டு வாய்கள் அடைக்கப்பட்டு, அது திரும்புநீர்க் குழாயின் நடுவே வெறும் நீர்க்கொள்கலமாக அமைக்கப்பட்டது. இனி அதனுள் சூடான நீர் குறுக்கே பாய வழியில்லை. தரையைச் சுற்றிய நீர் மட்டுமே அதன் வழியாகப் பொறிக்குப் போகும். நிலையான 45 டிகிரி நீக்கப்பட்டு, வெளி வெப்பநிலைக்கேற்பச் செல்நீரை மாற்றும் கோடு வைக்கப்பட்டது: மைனஸ் 3-இல் 36 டிகிரி, 12-இல் 28 டிகிரி.

தனித்தனி தெர்மோஸ்டாட்டால் ஆளப்படும் பகுதிகளான மண்டலங்களை என்ன செய்வது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. எல்லா ஆக்சுவேட்டர்களையும் கழற்றி எறிந்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது இங்கே பொருந்தாது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி ஆவணம் எல், 150 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய வீடுகளில் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய குறைந்தது 2 மண்டலங்களை எதிர்பார்க்கிறது. தவிர, படுக்கையறை 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வீட்டார் விரும்புவது நியாயமான விருப்பம். எனவே கீழ்த்தளத்தின் கூடம், சமையலறை, நடை ஆகியவற்றுக்குரிய 6 சுற்றுகளும் மேலே குளியலறையின் ஒரு சுற்றும் எப்போதும் திறந்தே இருக்குமாறு அவற்றின் ஆக்சுவேட்டர்கள் நீக்கப்பட்டன. மற்ற அறைகளில் ஆக்சுவேட்டர்களும் தெர்மோஸ்டாட்டுகளும் நீடித்தன. கூடத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட் மட்டும், வேண்டிய வெப்பநிலைக்கு ஒன்றரை டிகிரி மேலே வைக்கப்பட்டு, மிகை வெப்பத்தின்போது முழு வெப்பமூட்டலையும் நிறுத்தும் வரம்பாக விடப்பட்டது. இணைப்புப் பெட்டிகளிலிருந்து பம்புக்குப் போன கம்பியும் ஹீட் பம்புக்குப் போன கட்டளைக் கம்பியும் துண்டிக்கப்பட்டன.

திறந்த 7 சுற்றுகள் என்ற எண்ணிக்கைக்கு இரண்டு கணக்குகள் அடிப்படை. ஒன்று, பொறி கேட்கும் குறைந்தபட்ச ஓட்டமான நிமிடத்துக்கு 12 லிட்டர், மற்ற எல்லா அறைகளும் மூடினாலும் இந்த ஏழின் வழியே ஓட வேண்டும், சுற்றுக்கு 1.8 லிட்டர் வீதம் அது கிடைக்கிறது. மற்றொன்று பனி நீக்கம். ஈரக்காற்று வீசும் 2, 3 டிகிரி நாட்களில் வெளிச்சுருளில் படியும் உறைபனியைக் கரைக்க, பொறி தன் சுழலைத் தலைகீழாக்கி வீட்டின் நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும். நான்கு நிமிடத்துக்கு 5 கிலோவாட் எடுத்தால் 1,200 கிலோஜூல். பழைய அமைப்பின் 30 லிட்டரில் அது 9 டிகிரிக்கு மேல் சரிவு. 45-இலிருந்து 35-க்கு இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் 33 டிகிரியில் நடத்தும் புதிய அமைப்பில் அதே சரிவு நீரை 23-க்குக் கொண்டுபோய், மின்சூடேற்றியை இயக்கச் செய்துவிடும். திறந்த சுற்றுகளின் 50 லிட்டர், கொள்கலத்தின் 25 லிட்டர், குழாய்களின் 16 லிட்டர் சேர்ந்து 90 லிட்டரானதும் சரிவு 3 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. குறைந்த வெப்பநிலையில் நடத்த விரும்புபவர் திறந்த நீரளவை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியாக, மேனிஃபோல்டுகளில் ஒவ்வொரு சுற்றின் ஓட்டமும் அதன் நீளத்துக்கும் அறையின் தேவைக்கும் ஏற்ப 0.8 முதல் 1.8 லிட்டருக்குள் திருத்தப்பட்டது. பழைய அமைப்பில் ஓட்ட அளவிகள் யாவும் முழுத் திறப்பில் கிடந்தன. பத்து தெர்மோஸ்டாட்டுகள் திறந்து மூடித் திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அதை யாரும் தொடவில்லை.

மாற்றத்துக்குப் பின்

வெளியே 3 டிகிரி இருக்கும்போது செல்நீர் 33 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பொறி கண்ட திரும்புநீரும் மேனிஃபோல்டின் திரும்புநீரும் இப்போது அரை டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. ஆய்வின் மையக் கேள்விக்கு அந்த ஒற்றுமையே பதில். 8 டிகிரியில் கம்ப்ரஸர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. 12 டிகிரியில் தேவை 2 கிலோவாட்டுக்குக் கீழே போய்விடுவதால் நின்று நின்றுதான் ஓடும். ஆனால் ஒரு கிலோவாட்டை ஒட்டிய உபரி 90 லிட்டர் நீரை 5 டிகிரி உயர்த்தவே அரை மணி நேரத்தை நெருங்கும், தரை உறிஞ்சுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். மணிக்கு நான்கு என்றிருந்த தொடக்கம் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. தளப் பம்புகள் இழுத்துக்கொண்டிருந்த 130 வாட்டும் மிச்சம். இரண்டும் நாள் முழுவதும் ஓடும் குளிர் நாட்களில் அது 3 கிலோவாட் மணிக்கு மேல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குளியலறைத் தரை முன்பு காலில் சூடாகத் தெரியும். இப்போது அப்படித் தெரிவதில்லை. அதன் வெறுந்தரைப் பரப்பு சிறியது, வேண்டிய வெப்பநிலையோ அதிகம். 33 டிகிரிச் செல்நீரால் அதை 21 டிகிரிக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. மின்சாரத்தில் இயங்கும் துண்டு உலர்த்தி ஒன்றைக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவது என்று முடிவாயிற்று. ஓர் அறைக்காக முழு வீட்டின் செல்நீரை 5 டிகிரி உயர்த்துவதைவிட அது மலிவு. இரவில் வெப்பநிலையைப் பெரிதாகக் குறைத்து விடியலில் உயர்த்தும் பழக்கத்தையும் விட வேண்டியதாயிற்று. கனத்த தரைக்கும் தாழ்ந்த செல்நீருக்கும் அது ஒத்துவராது. இரவு ஒரு டிகிரி இறக்கத்தோடு வீட்டார் நின்றுகொண்டார்கள். படுக்கையறைகள் 18-இல் நிற்க வேண்டும் என்ற விருப்பம் பாதிதான் நிறைவேறியது. கதவுகள் திறந்திருந்தால் அவை பத்தொன்பதரைக்கு வந்துவிடுகின்றன. அதை எந்த வால்வாலும் தடுக்க முடியாது.

இரண்டாவது பம்ப் தவிர்க்க முடியாதபோது

எல்லா வீட்டிலும் உள் பம்ப் போதும் என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது. குழாய் ஓட்டம் நீளமாக இருந்தாலோ, உறைவதைத் தடுக்கும் கிளைகால் கலந்த நீரை வெளிப்பகுதியில் மட்டும் வைத்து வெப்பமாற்றியால் பிரித்திருந்தாலோ, 22 மில்லிமீட்டர் குழாய் சுவருக்குள் மூடப்பட்டு மாற்ற வழியற்றிருந்தாலோ, இரண்டாவது பம்ப் வேண்டியதாகிவிடும். அப்போது பிரிக்கும் தொட்டியின் இருபுறத்து ஓட்டங்களையும் நெருக்கமாக வைப்பதே முதன்மையான வேலை. தரைப்பக்கம் அதிகமாக இழுத்தாலும் நட்டமே. பொறிப்பக்கம் 20 லிட்டர், தரைப்பக்கம் 28 லிட்டர், சுமை 5 கிலோவாட் என்றால், பொறி தரும் நீர் தரைக்கு 1 டிகிரி குறைந்தே போய்ச்சேரும். தொட்டிக்குள் திரும்புநீர் ஏறிக் கலந்துவிடும். பொறிப்பக்கம் அதிகமானால் என்ன ஆகும் என்பதை மேலே கண்ட வீடே காட்டிவிட்டது. செல்நீர் உணரியைத் தொட்டியின் தரைப்பக்க வாயில் வைக்க வசதியிருக்கும் பொறிகளில் அங்கே வைப்பது நல்லது. கலப்பால் நேரும் இழப்பைப் பொறி அறிந்துகொள்ளும்.

அந்த இரண்டாவது பம்ப், ஹீட் பம்பின் கட்டுப்பாட்டுப் பலகையில் இதற்கென்றே உள்ள முனையிலிருந்து இயக்கப்பட வேண்டும். அறைகளின் செய்தி வேண்டுமென்றால், ஆக்சுவேட்டர் முழுவதும் திறந்த பிறகு மூடும் முடிவு ஸ்விட்சை இடையில் வைக்கலாம். அப்போது மூடிய வால்வை எதிர்த்துப் பம்ப் சுழலாது. வேக முறையில் மாறாத அழுத்தம் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு சுற்று மூடினாலும் மற்றவற்றின் ஓட்டம் மாறாமல் இருக்க அதுவே வழி. பம்பும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் பாதியானால் அது செலவிடும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகும் என்பது பம்புகளின் பொது விதி. ஓட்டத்துக்கேற்ப அழுத்தத்தைக் குறைக்கும் முறை நீண்ட கிளைகள் உள்ள ரேடியேட்டர் அமைப்புகளுக்கு ஏற்றது. தரையடிச் சுற்றுகளில் இழப்பின் பெரும்பகுதி சுற்றுக்குள்ளேயே இருப்பதால் அது திறந்திருக்கும் அறைகளைப் பட்டினி போடும்.

பி.டபிள்யூ.எம். எனப்படும், துடிப்பின் அகலத்தை மாற்றும் மின்சைகையால் வேகத்தை ஆளும் பம்ப்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெப்பமூட்டலுக்கான சைகை முறையில், சைகை அற்றுப்போனால் பம்ப் முழு வேகத்தில் ஓடும். சூரிய வெப்ப அமைப்புகளுக்கான முறையில், சைகை அற்றால் பம்ப் நின்றுவிடும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே, கம்பி இணைப்பும் ஒன்றே. பழுதான பம்பை மாற்றும்போது முறை மாறிய ஒன்றைப் பொருத்திவிட்டால், பொறி மெதுவாக ஓடு என்று சொல்லும்போது அது விரைந்து ஓடும், விரைந்து ஓடு என்று சொல்லும்போது மெதுவாக ஓடும். சைகையை மிகக் குறைவாகவும் மிக அதிகமாகவும் ஒருமுறை கொடுத்து, மேனிஃபோல்டின் மிதவைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்த பிறகே மூடியைப் போட வேண்டும்.